எப்போதும் எரியும் விளக்கு

அந்த கேப்டனுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'விளக்கு'. வானம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தாலும் சரி, புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை சீட் பெல்ட் விளக்கை அணைக்கவே மாட்டார். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். விளக்கு அணைந்திருக்கும்போது எவனாவது மண்டையை இடித்துக்கொண்டால் கேப்டன் பதில் சொல்ல வேண்டும். எரிந்துகொண்டிருந்தால் அவன் மண்டை, அவன் பாடு.

விளக்கு எரியும்போது சாப்பாட்டு வண்டியைத் தள்ளக் கூடாது என்பது கம்பெனி விதி. ஐந்து மணி நேரப் பயணத்தில் இருநூறு வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டு இறங்க முடியுமா? அதனால் கேப்டனுக்கும், பயணிகள் பகுதிக்குத் தலைவியான பெரியக்காவுக்கும் பதினொரு வருடமாக ஒரு ஏற்பாடு. விளக்கைக் கண்டுகொள்ள வேண்டாம். நிஜமாகவே ஆபத்து என்றால் அவர் காக்பிட்டிலிருந்து போன் பண்ணுவார். "பெரியக்கா, உக்காருங்க." அவ்வளவுதான். உடனே எல்லாரும் வண்டியைப் பூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எழுத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அன்று மதியம் வரை.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண் ஒருத்தி அந்த விமானத்தில் இருந்தாள். துறுதுறுவென்று இருப்பதால் அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். பின்பக்கச் சமையலறையில் காபிக் குடுவைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். இடதுபக்கம் மேகம் கோட்டைச் சுவர் மாதிரி எழும்பி நின்றது. அதன் வயிற்றுக்குள் அவ்வப்போது வெளிச்சம் அடித்து அணைந்தது.

"அக்கா, விளக்கு எரியுதே. வெளியில வேற ஒரு மாதிரியா இருக்கு."

"அது அவரோட வீட்டு வாசல் லைட்டுடி" என்றாள் பெரியக்கா. " பகல்லயும் எரியும். ஏதாவதுன்னா போன் வரும். காபி ஆறிடப் போகுது, கிளம்பு."

"இல்லக்கா, கொஞ்ச நேரம் கழிச்சு..."

"நீ மேகத்தை எண்ணிட்டு இரு, நான் தள்றேன். நகரு."

குருவி ரோஷக்காரி. தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பதினேழாவது வரிசை தாண்டியிருப்பாள். யாரோ தரையை உருவிக்கொண்டது போல விமானம் சடாரென்று விழுந்தது. பெரியக்கா சமையலறைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வண்டி அந்தரத்தில் எழும்புவதைப் பார்த்தாள். குருவியும் எழும்பினாள். தலை கூரையில் மோதியது. அடுத்த நொடி விமானம் அடியிலிருந்து எட்டி உதைக்க, அவள் ஒரு இருக்கையின் கைப்பிடிமேல் முதுகு பட விழுந்தாள். அந்தச் சத்தம் பெரியக்காவுக்குத் தனியாகக் கேட்டது.

மொத்தமே பதினொரு விநாடிகள். அதற்கப்புறம் விமானம் ஒன்றுமே நடக்காத மாதிரி போனது. குழந்தைகள் அழுதார்கள். கூரையிலிருந்து காபி சொட்டியது. குருவி கண்ணைத் திறந்து, "காலு இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. "பெரியக்கா, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

மூன்றாவது நாள், கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பெரியக்காவைக் கூப்பிட்டார். மேஜைமேல் அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க அறிக்கை இருந்தது. முதல் பக்கத்தில் அன்று நடந்தது. இரண்டாவதில் பதினொரு வருட ஏற்பாடு.

"ரெண்டாவது பக்கம் எதுக்கும்மா?"

"அதுதான் சார் விஷயமே. அவரு போன் பண்ணல."

"போன் பண்ணணும்னு எந்த விதியில இருக்கு? விளக்கு எரிஞ்சுது. கருவியில பதிவாயிருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினொரு வருஷமா தினமும் விதியை மீறினோம்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. இதை நான் வாங்கினா உங்களோட பறந்த அத்தனை பொண்ணுங்களும் வீட்டுக்குப் போகணும். கேப்டன் மட்டும் போக மாட்டார்."

"காக்பிட்ல பேசினது பதிவாகியிருக்குமே?"

"கடைசி ரெண்டு மணி நேரம்தான் நிக்கும். இறங்கினதுக்கு அப்புறமும் பதிவுக் கருவிக்குப் போற கரண்டை நிறுத்தாம விட்டுட்டாங்க. மேலேயே பதிவாகி, பழசு அழிஞ்சுபோச்சு. தற்செயல்."

தற்செயல் என்பதைக் குரல் பிசகாமல் சொன்னார். பிறகு தாளைத் திருப்பிப்போட்டார்.

"ரெண்டே வழி. அந்தப் பொண்ணு தானா வண்டியைத் தள்ளிட்டுப் போச்சுன்னா விதிமீறல். நாலு மாசப் பொண்ணு, வேலை போயிடும், நீங்க இருப்பீங்க. நீங்க சொல்லித்தான் போச்சுன்னா அது இருக்கும், நீங்க போகணும். நாளைக்குச் சொல்லுங்க."

வெளியே காபி மெஷின் பக்கத்தில் துணை விமானி நின்றிருந்தான். அன்று கேப்டனுக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவளைப் பார்த்ததும் பார்வையைக் கப்புக்குள் இறக்கிக்கொண்டான்.

"தம்பி, அன்னைக்கு உள்ள என்ன நடந்தது?"

"ரெண்டு மேகத்துக்கு நடுவுல சந்து இருந்துச்சுக்கா. சுத்திப் போகலாம்னு சொன்னேன். நேரமாகும்னாரு. அக்காவுக்கு போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், சாப்பாடு குடுக்கறதை நிறுத்தினா அதுக்கொரு விளக்கம் எழுதணும், தாண்டிடுவோம்'னாரு."

"இதை எழுதிக் குடுப்பியா?"

"அடுத்த மாசம் எனக்கு கேப்டன் பரீட்சை. அவருதான் கையெழுத்துப் போடணும்." கப்பைக் கசக்கினான். "உங்ககிட்ட சொல்லிட்டேன்ல அக்கா. மனசு லேசாயிடுச்சு."

அவன் மனசு லேசானதில் அவளுக்கு என்ன லாபம் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் பெரியக்கா ஒரே பக்கத்தில் எழுதினாள். 'விளக்கு எரிவதை அந்தப் பெண் சுட்டிக்காட்டினாள். நான்தான் போகச் சொன்னேன்.' பொய் ஒரு வரிகூட இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். குருவி இடுப்பில் கவசம் மாட்டி மல்லாந்து கிடந்தாள். கால் விரல்கள் அசைகின்றன, ஆறு மாதத்தில் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைமாட்டில் பெரிய பூங்கொத்து இருந்தது.

"கேப்டன் சார் வந்தாரு" என்றாள் குருவி, மேலே பார்த்துக்கொண்டே. "மூணு தடவை வந்துட்டாரு. நீங்க இன்னைக்குத்தான் வர்றீங்க."

"விசாரணை முடியற வரைக்கும் உன்னைப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்கம்மா."

"அவருக்கு மட்டும் சொல்லலையா?"

பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னால எழுத முடியலைன்னு அவரே உக்காந்து எழுதினாரு. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். நான் வேணாம்னேன், நீங்க விரட்டினீங்கன்னு. நடந்ததுதானே?"

"நடந்ததுதான்."

"வேலை போகாதுன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. அவரு மேலிடத்துல பேசியிருப்பாரு. எழுந்து நடந்ததும் அவரோட விமானத்துலயே போடச் சொல்லிக் கேட்கப் போறேன்."

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்த கதையைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். பூங்கொத்தையும் பொறுத்துக்கொண்டாள். இதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"அவர்கூட மட்டும் போகாத. மேகம் இருக்குன்னு அவருக்குத் தெரியும். போன் பண்ணட்டுமான்னு பக்கத்துல இருந்தவன் கேட்டிருக்கான். வேணாம்னுட்டாரு. வேற யாரு விமானத்துல வேணா போ. அவரோடது வேணாம்."

குருவி முதல்முறையாகத் தலையைத் திருப்பினாள். அந்தச் சிறிய அசைவுக்கே முகம் சுருங்கியது.

"இப்படித்தான் ஏதாவது வந்து சொல்வீங்கன்னு சொன்னாரு."

"யாரு?"

"அவருதான். 'பெரியக்கா நல்லவங்கதான், ஆனா மாட்டிக்கிட்டா எம்மேல போடுவாங்க, மனசுல வச்சுக்காத'ன்னு சொன்னாரு. உங்களை ஒரு வார்த்தை தப்பாப் பேசல. நீங்க வந்ததும் அவரைத் திட்றீங்க."

"அந்தத் துணை விமானியைக் கேட்டுப் பாரு."

"அன்னைக்கு உள்ள என்ன நடந்ததுன்னு நானே கேட்டேன். நேத்து வந்தான். எனக்கு ஞாபகமில்லன்னான்."

பெரியக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் என்னென்னவோ சொல்லலாம். பதினொரு வருடக் கதையைச் சொல்லலாம். சொல்லச் சொல்ல, மாட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சாகத்தான் அது கேட்கும்.

குருவி கட்டிலோரம் கையைத் துழாவி அழைப்பு மணியை அழுத்தினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், முதுகு வலிக்குது. இவங்க கிளம்பறாங்க."