குளிராத மனிதர்

இடது பாதத்தில் கம்பளி மேஸை மாட்டிக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுத் தங்கமலர் வலது காலைத் தூக்கப் பார்த்தாள். சில்லிட்டுக் கனத்துக் கிடந்தது. ஒரு கையால் முடியவில்லை. டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவின் வைத்தியசாலைக் கீழ்த்தளத்து அறையில், அவளுடைய கணவர் மாமாங்கம் பட்டு வேட்டியோடு சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். வேட்டிக்குள்ளே கம்பளிக் காற்சட்டையும் இருந்ததை அவருடைய தங்கை கஜந்தி அப்போதுதான் கவனித்தாள்.

"மச்சாள், என்ன வேலை இது? பட்டு வேட்டிக்குள்ள இதெல்லாம் போடுறதா? சனம் பாத்தா என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"எரிக்கப் போற உடம்பு, மச்சாள்."

தங்கமலர் மற்ற மேஸைக் கையில் எடுத்தாள்.

அவள் சொந்த ஊரான கல்லடியிலிருந்து வந்து இறங்கியது ஒரு மார்கழி மாதம். காலில் வெறும் செருப்பு. விமான நிலைய வாசலில் முகத்தில் அடித்த பனிக்காற்றில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சில வருடங்கள் முன்னமே வந்துவிட்ட மாமாங்கம் தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, சட்டையோடு சூட்கேஸை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"எனக்குக் குளிராது புள்ள. பழகிட்டு. உனக்கும் பழகிரும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. பின்னேரம் ஆகுமுன்பே இருட்டிவிடும். ஜன்னலோரம் இருந்து அழுவாள். திருப்பி அனுப்பிவிடச் சொல்லிக் கெஞ்சுவாள். அவரோ இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, ஒரு மெல்லிய சுவெட்டரோடு வாசல் பனியை அள்ளுவார். இடையில் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பூட்ஸ் போடப் பழகினாள், வழுக்காமல் நடக்கப் பழகினாள், முதியோர் இல்லத்து வேலைக்கும் போகத் தொடங்கினாள்.

போன கிழமை, நெஞ்சுச் சளி முற்றி அவர் கடைசி மூச்சுகளை இழுத்துக்கொண்டிருந்த நாளில், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "குளிருது புள்ள."

அவளுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. தாதியைக் கூப்பிட்டு இன்னொரு போர்வை வாங்கிப் போர்த்தினாள்.

"இப்பயும் குளிருதா?"

"வந்த நாள்ள இருந்தே குளிர்தான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொன்னா நீ திரும்பிப் போயிருவாய் எண்டு நினைச்சன்."

அவள் போர்வைக்குள் கையை விட்டு அவருடைய இரண்டு பாதங்களையும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சு அடங்கிய பிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மகன் கிருஷாந்த் பெட்டியருகே வந்து, எதற்காக இந்த மேஸ் என்று டேனிஷில் கேட்டான்.

"அப்பாக்குக் குளிரும்."

"அப்பாக்கா?" தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். "அவருக்குக் குளிரே இல்லத்தானே அம்மா."

தங்கமலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"காலைத் தூக்கிப் பிடி மனே."

அவன் இரண்டு கையாலும் பிடித்தான். அவள் மேஸை மாட்டி, குதிகாலில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். கஜந்தி குனிந்து, மேஸ் தெரியாதபடி வேட்டிக் கரையைக் கீழே இழுத்துச் சரிசெய்தாள்.

சடங்கு முடிந்து வெளியே வந்தபோது பனி கனமாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. பெட்டியை ஏற்றிய கறுப்பு வண்டி மெதுவாக முன்னே போனது. கிருஷாந்த் தன் காரில் அதன் பின்னால் ஓட்டினான். தங்கமலர் பின் இருக்கையில் கஜந்தியோடு இருந்தாள்.

சந்தியில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு டேனிஷ்காரக் கிழவர் அந்த வண்டியைக் கண்டதும் இறங்கி ஓரமாக நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துத் தலை குனிந்தார். வண்டி அவரைக் கடந்தது. காரும் கடந்தது.

தங்கமலர் திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தாள். அவர் இன்னும் தொப்பியைப் போடவில்லை. அந்த வழுக்கைத் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.