ஒற்றைக்கல் என்று விற்ற மோதிரம்

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. எபனேசர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசன் கூட்டத்துக்கு நடுவே அரை நாள் லீவு போட்டு தென்காசிக்குப் போய், ஒரு நண்பனைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைர மோதிரம் வாங்கி வந்திருந்தான். அன்று சாயங்காலம் கட்டிக்கொள்ளப்போகும் சுஜிதாவை வரச் சொல்லி, ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்று சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

சுஜிதாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மோதிரம் விரல் மூட்டில் சிக்கியது, அழுத்தித்தான் போட்டாள். அதன் பிறகுதான் கல்லைப் பார்த்தாள். சாரல் பெய்துகொண்டிருந்த மங்கல் வெளிச்சத்தில் கல்லுக்குள் கோடு கோடாகத் தெரிந்தது. மோதிரத்தைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனாள். நடுவில் ஒரு சின்னக் கல், சுற்றி ஆறு. ஏழு கல்லையும் இடுக்கில்லாமல் சேர்த்து ஒரே கல் மாதிரிப் பதித்திருந்தார்கள்.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். அரை காரட் ஒற்றைக்கல் என்று சேல்ஸ்மேன் சொன்னதாகவும், கடை விளக்கில் அது அப்படி மின்னியதாகவும் சொன்னான். தொண்ணூற்றைந்தாயிரம். பில்லை வாங்கிப் பார்த்தாள். வைரம் அரை காரட் என்று பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், கல் எண்ணிக்கை ஏழு. கல்லுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

எபனேசரின் முகம் சுண்டிப்போனது. கூட வந்த நண்பன்கூட நல்ல கடை என்றுதான் சொன்னான் என்றான்.

சுஜிதாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"ஒங்க ஃப்ரெண்டுகிட்ட கேட்டீங்க, கடைக்காரன்கிட்ட கேட்டீங்க. போடப்போறது நான். ஏங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே. நான் நாள் பூரா கிளவுஸ் மாட்டிக்கிட்டு ரத்தம் எடுக்குதேன். இம்புட்டு ஒசரமா கொக்கி வச்ச மோதிரம் கிளவுஸக் கிழிச்சுராதா?"

மறுநாள் காலை ஷிப்டைத் தென்காசி லேபில் கூட வேலை பார்க்கும் ஸ்ரீதேவியிடம் மாற்றிக்கொண்டு சுஜிதா அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அந்த சேல்ஸ்மேன் எபனேசரைப் பார்த்தே பேசினான். எல்லாரும் விரும்பி வாங்கும் டிசைன் என்றான். அளவு சரியில்லை என்றால் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னான். சுஜிதா கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எபனேசருக்கே போனது. கடை மேனேஜர் முத்துவடிவு வந்தார். எடை சரியாகத்தான் இருக்கிறது, ஏழு கல்லும் சேர்ந்து அரை காரட், அதில் என்ன பொய் என்று கேட்டார். திருப்பித் தந்தால் பன்னிரண்டு சதவீதம் கழித்துத்தான் பணம் என்றார்.

சுஜிதா குரலை உயர்த்தவில்லை.

"சரி அண்ணாச்சி. நேத்து ஒங்க ஆளு இவங்ககிட்ட ஒத்தக் கல்லுன்னு சொன்னாருல்லா, அத ஒங்க லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க மோதிரத்தை வச்சுக்கிடுதோம்."

மேனேஜர் சேல்ஸ்மேனைப் பார்த்தார். அப்படிச் சொல்லவில்லையே என்றான் அவன்.

"சொன்னே," என்றான் எபனேசர். "ரெண்டு தடவ சொன்னே. எங்க கேட்டாலும் சொல்லுவேன்."

பக்கத்துக் கவுண்டரில் நகை பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. மேனேஜர் எழுதித் தரவில்லை. கால் மணி நேரம் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். எதுவும் கழிக்காமல் முழுப் பணமும் எபனேசரின் கணக்குக்கு வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

சனிக்கிழமை இருவரும் திருநெல்வேலியில் வேறொரு நகைக்கடைக்குப் போனார்கள். சுஜிதா ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டாள். கல்லை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். சான்றிதழ் எண்ணும் கல்லில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று லென்ஸில் பார்த்தாள். கடைசியில் எடுத்தது பதினெட்டு சென்ட், அதாவது கால் காரட்டுக்கும் குறைவான ஒரே கல். தங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து, கை பட்டால் வழுக்கென்று இருந்தது. எபனேசர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வரும் வழியில், நான் ஒங்கிட்ட கேட்டிருக்கணும் என்று பஸ்ஸில் மெதுவாகச் சொன்னான். ஆமா என்றாள்.

நிச்சயதார்த்தம் சுரண்டையில் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது அந்தத் தென்காசிக் கடைக் கண்ணாடிக்குள் அதே மோதிரம் இருந்தது. பக்கத்தில் அரை காரட் என்ற அட்டை. சுஜிதா கடந்து போய்விட்டாள். பத்தடி போனவள் திரும்பி வந்து உள்ளே நுழைந்தாள்.

ஒரு பையனும் பெண்ணும் அந்த மோதிரத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன கல்லுன்னு கேட்டுக்கோங்க," என்றாள் சுஜிதா.

உங்களுக்கு என்ன வந்தது என்று அந்தப் பையன் எரிச்சலாகக் கேட்டான். சேல்ஸ்மேன் எழுந்து வந்தான். அந்தப் பெண் இருவரையும் கவனிக்காமல் மோதிரத்தை எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சம் விழுந்த வாசலை நோக்கி நடந்தாள்.