தைலம்மாள் சொன்னது

சிதம்பரத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த அன்பரசுவுக்குக் கடலூரில் ஒரு ஆங்கில நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் வேலை. சம்பளம் பெரிதில்லை. ஆனாலும் சட்டைப்பையில் பிரஸ் கார்டு இருந்தது, அந்தக் கெத்தே அவனுக்குப் போதும். சேர்ந்த வாரமே, செய்தியைத் திருத்திப் போடும் சென்னை டெஸ்க்கில் பாடம் நடத்திவிட்டார்கள். அதிகாரி பேசினால் இங்கிலீஷில் ‘செட்’ போடு, அதாவது சொன்னார் என்று. ஜனங்கள் பேசினால் ‘கிளெய்ம்டு’ போடு. அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், உண்மையா பொய்யா நாம் அறியோம் என்று அர்த்தம். வம்பு வராது. இரண்டு வருஷமாக அன்பரசு அதை மாற்றிப் போட்டதே இல்லை.

சுனாமி வந்து இரண்டு மாதம் கழித்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவர் முகாமில் தைலம்மாளைப் பார்த்தான். அவள் புருஷன் பக்கிரி கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போனவன். எட்டு மாதம் கழித்து, அலை வந்த நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் வீடு திரும்பினான். விடிந்ததும் கரைக்குப் போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் கேரளாவில்தானே இருக்கிறான் என்று இறந்தவர் பட்டியலில் பேர் ஏறவில்லை, நிவாரணமும் இல்லை. பேரைச் சேர்க்கச் சொல்லித் தைலம்மாள் மனு கொடுத்திருந்தாள்.

“நான் பாத்தேனே தம்பி. எங்கூட்டுலதான் கொழம்பு வாங்கிட்டுப் போனாரு” என்றாள் பக்கத்துக் குடிசை ராசம்மாள்.

அன்பரசு நம்பினான். அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. அறைக்கு வந்து டைப் அடித்தபோது மட்டும் கை பழைய வழியிலேயே போனது. பக்கிரி வந்ததற்குப் பதிவில்லை என்று அதிகாரி ‘செட்’. வந்தார் என்று தைலம்மாள் ‘கிளெய்ம்டு’. இடம் போதாதென்று ராசம்மாளை அவனே வெட்டிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து தைலம்மாள் மகள் வெண்மதியோடு கடலூருக்கே வந்து நின்றாள். கையில் திரும்பி வந்த மனு. அதன்மேல் அவன் செய்தியைக் கத்தரித்துக் குத்தியிருந்தார்கள்.

“பேப்பர்காரரே நம்பலியேம்மாங்கறாரு ஆபீசரு. நம்பலியா தம்பி நீங்க?”

“நம்புனேங்க்கா. சத்தியமா நம்புனேன்.”

பத்தாவது படிக்கும் வெண்மதி பேப்பரில் ஒரு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள். “அம்மாவுக்கு இந்த வார்த்த போட்டீங்க. ஆபீசருக்கு ஏன் சார் வேற?”

அப்படித்தான் எழுதுவோம் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அன்பரசுவுக்குப் படித்த படிப்பெல்லாம் நாற்றமடித்தது.

திருத்தம் போடச் சொல்லி டெஸ்க்குக்கு போன் செய்தான். “தப்பே இல்லியே, என்னத்தத் திருத்தறது?” என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போய், மனுவைப் பார்க்கும் அதிகாரியின் மேஜைமுன் உட்கார்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுதினான். அலைக்கு முந்தின நாள் பக்கிரி வீட்டுக்கு வந்தார் என்று தைலம்மாள் சொன்னார், நான் நம்பினேன், பக்கிரியைக் கண்ணால் பார்த்த ராசம்மாளின் பேச்சை நானே விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டு பிரஸ் கார்டு நம்பரையும் எழுதினான். டெஸ்க்குக்குத் தெரிந்தால் கார்டு போய்விடும். போகட்டும்.

அதிகாரி படித்தார். “சரி, ராசம்மாளக் கூட்டியாங்க, விசாரிக்கிறேன். நீயும் இதுல கைநாட்டு வைம்மா” என்று மைப்பெட்டியை நகர்த்தினார்.

அன்பரசுவுக்கு அப்பாடா என்றிருந்தது. தைலம்மாள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்துவிட்டான், வெட்கங்கெட்டவன்.

அவள் மையைத் தொடவில்லை. கடிதத்தை எடுத்து, அவனிடம் கொடுக்காமல், மகளிடம் நீட்டினாள்.

“நீ படி பாப்பா. நான் சொன்னதத்தான் எழுதிருக்காரான்னு பாரு.”

வெண்மதி எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். அன்பரசு தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டான்.