பாட்டில் ஒட்டியிருந்த குரல்

போட் கடலுக்குப் போகிற நாளில் தங்கச்சிமடம் கடைத்தெருவில் வியாகுலத்தின் செல்போன் கடையில் நிற்க இடம் கிடைக்காது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் கிடைக்காது. பாட்டும் இல்லாவிட்டால் மனுசன் எப்படி வலை இழுப்பான்? மெமரி கார்டை நீட்டினால் வியாகுலம் பாட்டை அள்ளிப் போட்டுத் தருவான். எழுதியவர் யார், பாடியவர் யார் என்ற விவரத்தை அழித்துவிட்டு அங்கே தன் கடைப் பெயரைப் போடுவான். போதாததற்கு ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் "வியாகுலம் செல்போன்ஸ், தங்கச்சிமடம்" என்று தன் குரலையும் ஒட்டிவிடுவான். விளம்பரமாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் இனிஷியலைப் போடுகிற வேலை இது என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவன் தங்கை லீமாரோஸ் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவள். கடலுக்குப் போய்த் திரும்பாத அய்யாவை நினைத்து அவள் கட்டிய பாட்டை அண்ணன் கடைக் கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்தாள். அதைக் கேட்டுத் திருவிழாக் கமிட்டித் தலைவர் சிலுவைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதா திருவிழா மேடையில் அவள் பாட வேண்டும், பாட்டை சிடியாகவும் வெளியிட வேண்டும் என்று முடிவாயிற்று. லீமாவுக்கு அதிலிருந்து தூக்கமே வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அதே சிலுவைமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா, அது ஒன் பாட்டுத்தானா? நெட்டுல வேற எவ பேருலயோ கெடக்குதாம். மதுரையில சிடி போடுறவன் போன் பண்ணிக் கேக்குறான்."

"நான் கட்டுனது மாமா. எங்கய்யாவப் பத்தி வேற எவ பாடுவா?"

"நீ சொல்லுற. அங்கன பேரு போட்டிருக்கே. கேஸுன்னு வந்தா கமிட்டிதான பதில் சொல்லணும்? நாளைக்குச் சாயங்காலம் கூடுறோம். ஒன் பாட்டுன்னு காட்டு. இல்லன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

தான் பெற்ற பாட்டுக்குத் தானே திருடி. மதுரைக்கு அனுப்பச் சொல்லி லீமா பாட்டைக் கொடுத்தது ஒரே ஒருவரிடம்தான். இன்டர்நெட் சென்டர் சதக். சந்தேகம் வந்ததும் எல்லாம் பொருந்தி வந்தது. அன்றைக்கு ஏன் பாட்டை ரெண்டு தடவை கேட்டார்? புது ஃபேன் மாட்டியிருக்கிறாரே, எப்படி? நேற்று பஜாரில் பார்த்துச் சிரித்தாரே, எதற்கு? பாவம், சதக் எல்லாரையும் பார்த்துத்தான் சிரிப்பார். லீமா அவர் சென்டர் வாசலில் போய் நின்றாள்.

"சதக்கண்ணே, என் பாட்ட எவங்கிட்ட வித்தீக?"

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சதக் முகம் சுண்டிப்போயிற்று.

"நோன்பு வச்சிருக்கிற மனுசனப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? உக்காரு. அந்தப் பாட்ட இங்கனயே போடுறேன், கேளு."

ஹெட்செட்டில் அவள் குரலேதான். அய்யாவின் பெயர் வரும் இடத்தில் தொண்டை அடைத்தது கூட அப்படியே இருந்தது. திரையில் மட்டும் எவளோ ஒருத்தியின் பெயர். லீமா அழுதுவிட்டாள். பாட்டு முடிந்தது. எடுத்தவன் கடைசியைச் சரியாக வெட்டவில்லை போல. ஓர் ஆண்குரல் மிச்சம் இருந்தது.

"...போன்ஸ், தங்கச்சிமடம்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றிச் சதக்கிடம் நீட்டினாள். அவரும் கேட்டார்.

"நீ எங்கிட்டக் குடுத்ததுல இந்தக் கொரல் இல்லையேம்மா," என்றார் மெதுவாக. "இது ஒங்கண்ணன்ல."

அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அவள் நிற்கவில்லை. நேரே அண்ணன் கடைக்குப் போனாள்.

"அண்ணே, என் பாட்ட யார் யாருக்குப் போட்ட?"

"கேட்டவுகளுக்கெல்லாம் போட்டேன். எனக்குப் பெருமையாத்தான இருந்துச்சு."

"என் பேரு?"

வியாகுலம் தலையைச் சொறிந்தான். "பழக்கதோசத்துல கடைப்பேரப் போட்டுட்டேன்."

"என் பேர நீ அழிச்ச. ஒன் பேர இன்னொருத்தன் அழிச்சிட்டான். அய்யா நம்ம வல மிதவையில பச்சையும் வெள்ளையும் அடிச்சிருப்பாருல்ல. அறுந்த வல எந்தக் கரையில ஒதுங்குனாலும் அந்தக் குறியப் பாத்துக் கொண்டாந்து குடுத்தாக. அதச் சொரண்டிட்டுத் தன் குறிய அடிக்கிறவன நம்ம ஊருல என்னன்னு சொல்லுவாக?"

அந்த வார்த்தை அவனுக்கும் தெரியும்.

மறுநாள் கமிட்டி கூடியபோது வியாகுலம் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனான். முதலில் பதிவு செய்த பாட்டைப் போட்டான். அடுத்து நெட்டில் கிடந்ததை, கடைசிவரை.

"அந்தக் கொரல் என்னது மாமா. பாட்டு என் கடையிலருந்துதான் வெளிய போயிருக்கு. பாடுனது என் தங்கச்சி. அவ பேர மொதல்ல அழிச்சவன் நான்தான்."

சிலுவைமுத்து அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, "மேடையில ஒழுங்காப் பாடு தாயி," என்றார் லீமாவிடம்.

திருவிழா மேடையில் லீமா பாடினாள். முன்வரிசையில் அவள் கூப்பிட்டு உட்கார வைத்த சதக் இருந்தார். பாட்டைத் திருடிய வெப்சைட்டுக்கு எழுதிப் போட்டார்கள். பதில் இல்லை. அங்கே இன்னும் எவளோ பெயரில்தான் கிடக்கிறது.

திருவிழா முடிந்து போட்கள் கிளம்புகிற நாளில் ஒருவர் வியாகுலத்திடம் மெமரி கார்டை நீட்டினார்.

"பாட்டு நெறைய போடு தம்பி."

"அடுத்தவுக பாட்டு இனிமே இல்லண்ணே. தங்கச்சி பாட்டு வேணும்னா அவகிட்டக் கேட்டுட்டு, அவ பேரோட தாரேன்."

"என்னடா இது, ஊரு ஒலகமே பண்றதுதான?"

"ஊரே பண்ணுனாலும் கேக்காம எடுத்துப் பேர அழிச்சா அது திருட்டுதாண்ணே, கடல்லயும் சரி, நெட்டுலயும் சரி. நான் அடுத்தவன் பேர அழிச்சு அழிச்சுக் கையப் பழக்குனேன். கடைசியில என் வீட்டுப் பேரையே அழிச்சிட்டேன்."