ஒன்பதாம் விதியின் திருத்தம்

தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் அந்த ஆண்டு ஆடிக்கும் தைக்கும் நடுவில் முதுகலை மாணவர்கள் ஏழு பேர் இல்லாமல் போனார்கள். ஒருவரும் வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை. எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள், சந்தேகம்கூடக் கேட்டார்கள். யார் கண்ணிலும் அவர்கள் படவில்லை, யார் காதிலும் அவர்கள் பேச்சு விழவில்லை, அவ்வளவுதான். காரணம் முதுகலை மாணவர் சங்க விதிகளில் ஒன்பதாவது. தொடர்ந்து மூன்று பொதுக்கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் இல்லாதவராகவே கருதப்படுவார் என்று அது சொன்னது. பல வருடங்களாக அந்த விதி யாரையும் ஒன்றும் செய்ததில்லை, ஏனென்றால் யாரும் அதைப் படித்ததில்லை. அந்த ஆண்டு தலைவரான ஹேமநாத் படித்தான். அவன் கெட்டவன் இல்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிற பையன். சங்கம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்தான். முதல் கூட்டத்தில் விதிகள் முழுவதையும் வாய்விட்டுப் படித்து, இன்று முதல் இவை நடைமுறைக்கு வருகின்றன என்று அறிவித்தான். வந்துவிட்டன.

எம்.ஏ. பொருளியல் படித்த வெண்ணிலாவுக்கு இது தெரியவந்தது, அவளே இரண்டு கூட்டங்களைத் தவறவிட்டிருந்ததால்தான். கூட்டம் எப்போதும் சனிக்கிழமை மதியம். அவள் கோவளத்து மீனவக் குப்பத்துப் பெண். சனிக்கிழமைகளில் அம்மா பூவம்மாளோடு கேளம்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்க உட்கார்ந்தாக வேண்டும். இரண்டு கூட்டம் தவறியவர்களுக்கு மட்டும் இல்லாமல் போனவர்கள் தெரிந்தார்கள், மழை வழியும் பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆட்கள் மாதிரி. முதலில் அவள் பார்த்தது தன் வகுப்பு குணாவை. ஊரப்பாக்கத்துப் பையன். இரவில் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட், பகலில் படிப்பு, சனிக்கிழமை மதியம்தான் தூக்கம். கேன்டீனில் ஹேமநாத்தின் முகத்துக்கு நேரே நின்று அவன் கத்திக்கொண்டிருந்தான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். ஹேமநாத் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப சத்தம் போடுது, கம்ப்ளெயின்ட் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான்.

வெண்ணிலா தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் குணா ஓடிவந்தான். அவன் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் வந்தது. "எங்கம்மாகிட்ட சொல்லு வெண்ணிலா. என் கட்டில்ல துவைச்ச துணியைக் கொண்டாந்து குவிக்கிறாங்க. நான் அதுலதான் படுத்துகினு கீறேன். என் மேலயே போடறாங்க."

அன்றிலிருந்து தன்னிடமும் அதன் அறிகுறிகளை அவள் கவனிக்க ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோவில் அவளிடம் காசு கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். வகுப்பில் அவள் பெயருக்கு முன்னால் பேராசிரியர் கொஞ்சம் தயங்கினார், தெரிந்த வார்த்தை வாயில் வராததுபோல. கண்ணாடியில் முகம் இருந்தது. ஆனால் அவள் குனிந்து நிமிர்ந்தால் அது ஒரு கணம் தாமதித்து வந்தது. கண்ணாடி பார்ப்பதை விட்டாள்.

ஹேமநாத்திடம் போய் ஒன்பதாம் விதியைத் திருத்த வேண்டும் என்றாள்.

"எதுக்கு? அதனால யாருக்கு என்ன ஆச்சு?"

"குணா எங்க?"

"எந்த குணா?" என்றான். அவன் நடிக்கவில்லை. வெண்ணிலா அவன் கண்ணில் பொய் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆனால் விதிப்படி யாரும் தீர்மானம் கொண்டுவரலாம் என்று அவனே சொன்னான். மொத்த உறுப்பினர்கள் அறுபது பேரில் நாற்பது கை உயர வேண்டும். கொண்டுவருபவர் நேரில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு உதவிவிட்டுப் புறப்படலாம் என்று நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று. தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவளைப் பூவம்மாள் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா வோணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது" என்றாள். விற்கிற சிரிப்பு முகத்தில் இருந்தது.

"அம்மா, நாந்தான். வெண்ணிலா."

பூவம்மாள் வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கி, கைக்கத்தி கீழே விழுந்தது. "எனக்கு இன்னாடி ஆச்சு" என்றாள். வெண்ணிலா எல்லாவற்றையும் சொன்னாள். பூவம்மாள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தாள். தாம்பரம் பஸ் வந்தது. வெண்ணிலா கை காட்டினாள். டிரைவர் நிறுத்தவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை; மூன்றாவது அவளை உரசிக்கொண்டு போயிற்று. நான்காவது வந்தபோது பூவம்மாள் மீன்கூடையைத் தூக்கிப் போய் நடுரோட்டில் வைத்து அதன் பக்கத்தில் நின்றாள். பஸ் கூடையில் இடித்து நின்றது. வஞ்சிரம் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. "என் பொண்ணு ஏறட்டும், அப்பால எடு" என்றாள் டிரைவரிடம். எந்தப் பொண்ணு என்று அவர் கேட்டார். கதவு திறந்திருந்தது, வெண்ணிலா ஏறிவிட்டாள்.

கூட்ட அறைக்குள் அவள் நுழையும்போது ஹேமநாத் வருகையை முடித்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தான். தொண்டை கிழியக் கத்தித்தான் அவன் காதில் விழச் செய்தாள். ஒன்பதாம் விதியையே நீக்க வேண்டும் என்று தீர்மானத்தைச் சொன்னாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றிரண்டு கூட்டம் தவறியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவரவர் வீட்டில் அவரவருக்கு ஏதோ நடந்திருந்தது, வெளியே சொல்லப் பயந்துகொண்டிருந்தார்கள். கைகள் உயர்ந்தன. ஹேமநாத் எண்ணினான். முப்பத்து மூன்று. தோற்றது என்றான்.

கடைசி இரண்டு பெஞ்சுகளில் குணாவும் மற்ற ஆறு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வெண்ணிலாவுக்குத் தெரிந்தது. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். "எண்ணிக்கையில எனக்குச் சந்தேகம் இருக்கு" என்றாள் வெண்ணிலா. சந்தேகம் எழுந்தால் தலைவர் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் நேரில் எண்ண வேண்டும் என்பது பதினான்காம் விதி. வேறொருவனாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பான். ஹேமநாத் எழுந்து வந்தான். கடைசி பெஞ்சுகளில் வெறும் காற்று. "கைய நீட்டிப் பாரு" என்றாள். நீட்டினான். விரல்கள் ஒரு மணிக்கட்டில் போய் நின்றன. வேர்த்து, சூடாக, நாடி துடிக்கிற மணிக்கட்டு. அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை அறை முழுக்கப் பார்த்தது. அவன் ஓடவில்லை. "முப்பத்து நாலு" என்றான், குரல் உடைந்து. கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சைத் தடவித் தடவி நடந்தான். நாற்பதில் நின்றான். அதன்பின் திரும்பவும் அந்த முதல் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

ஒன்பதாம் விதி அன்றோடு நீக்கப்பட்டது. ஆனால் திருத்தங்கள் அன்றிலிருந்துதான் செல்லும், பின்தேதியிட்டுச் செல்லாது. அதனால் அந்த ஏழு பேரும் திரும்பித் தெரியவில்லை; மூன்றாவது கூட்டத்துக்கு வந்துவிட்டதால் வெண்ணிலாவுக்கும் அவர்கள் தெரிவது நின்றுபோயிற்று. அதற்குப்பின் யாரும் புதிதாக இல்லாமல் போகவுமில்லை. வருகை எடுக்கும்போது ஏழு பெயர்களுக்கு மேசையைத் தட்டும் சத்தம் வந்தால் போதும் என்று பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஏழு பேரும் தேர்வு எழுதினார்கள், ஒருவர் தோற்றார். பூவம்மாள் இன்றும் மகள் பெயரைச் சொல்லுமுன் ஒரு நொடி யோசிக்கிறாள்; அந்த ஒரு நொடியும் வெண்ணிலா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

குணாவின் அம்மா பேபியிடம் விஷயத்தைச் சொல்ல ஊரப்பாக்கத்துக்கு வெண்ணிலாதான் போனாள். பேபி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நாள் சமையலறையில் தனியாக நிற்கவே பயந்தாள். பங்குனியில் வெண்ணிலா மறுபடி போனபோது கூடத்தில் ஒரு தட்டைச் சுற்றி யாரும் இல்லை, சோறு குறைந்துகொண்டிருந்தது. பேபி அவளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்: "பாரும்மா, கத்திரிக்காயை மட்டும் ஓரமா ஒதுக்கறான். எத்தினி வாட்டி சொல்றது."