அடுத்த காம்பரா

மதுரன் செத்து ஏழு மாதம் கழித்துத்தான் தேயிலைத் தோட்டத்தில் தூள் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை மீட்கக் கமிட்டி அமைத்தார்கள். வேலாயிக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். அவள் மகன் ஹெரோயின் தூள் அடித்துவிட்டு விழுந்து கிடந்தபோது, லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் சுற்றி நின்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அதே லயத்தில் சுவரை ஒட்டிய வீடான அடுத்த காம்பரா ஜீவராணியின் மகன் கிஷாந்துக்கும் அதே பழக்கம். ஆனால் அவனுக்குக் கிளினிக் போகத் துணைக்குக் கமிட்டியில் ஆள் இருந்தது, மனம் சோர்ந்தால் பேச ஆள் இருந்தது. நாற்பது நாள் தொடாமல் இருந்தான் என்று ஜீவராணி கோவிலில் பொங்கல் வைத்து, ஒரு கிண்ணம் வேலாயிக்கும் கொடுத்தனுப்பினாள். வேலாயி அதை அப்படியே நாய்க்குக் கொட்டினாள்.

கமிட்டியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் அவள் போனாள். கற்றுக்கொள்ள அல்ல, ஜீவராணியின் முகத்தில் எவ்வளவு பூரிப்பு என்று பார்க்க. மஸ்கெலியா டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் அஸ்மியா, தூள் மிஞ்சி மூச்சு அடங்கினவருக்கு என்ன செய்வதென்று ஒரு பொம்மையைக் கிடத்திக் காட்டினாள்.

"தண்ணி ஊத்தாதீங்க. தலையப் பின்னால சாச்சு, மூக்கப் பொத்திக்கிட்டு, அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா வாயில ஊதுங்க. ஆம்புலன்ஸ் வாற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது."

அந்த வியாழக்கிழமை காய்ச்சல் என்று வேலாயி வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனவள், பீலிக்கரையில் கிஷாந்த் மல்லாந்து கிடப்பதைக் கண்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஜீவராணி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

வேலாயி குடத்தோடு நின்றாள். ஜீவராணிக்கும் தெரியட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. அவன் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. மதுரனிடமும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள்.

"பழனியாண்டி அண்ணே, ஆம்புலன்ஸுக்குப் போன் அடிங்க" என்று லயத்து வாசலில் நின்றவரைப் பார்த்து ஒருமுறை கத்தினாள். அப்புறம் கத்த மூச்சு மிச்சமில்லை. அரைமணி நேரம் ஊதினாள்.

கிஷாந்த் பிழைத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜீவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நீங்க இல்லன்னா..."

"நான் மொதல்ல சும்மாதான் நின்னேன் புள்ள" என்றாள் வேலாயி. "பாத்துக்கிட்டே நின்னேன்."

ஜீவராணியின் அழுகை நின்றது. ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

"ஒன் மகன் நடந்து போறதப் பாத்தா எனக்கு இன்னமும் வயிறு எரியும்" என்றாள் வேலாயி. "அதுக்கு நான் என்ன செய்ய. ஆனா திரும்ப விழுந்தான்னா என்னையத்தான் மொதல்ல கூப்பிடணும்."