பின் இடது சக்கரம்

மூன்று சக்கரங்கள் கண்ணாடியில் படிந்தன. பின் இடது சக்கரம் மட்டும் படியவில்லை. அடியில் ஒரு தீக்குச்சியை விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் போய் வந்தது.

சின்னக் கார்களைப் பூட்டிச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் இப்படிக் கண்ணாடிமேல் நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் இது நான் சேர்த்த வண்டியில்லை. என் சிநேகிதன் ஷவ்கி முடிக்காமல் விட்டுப்போனது. தன்தாவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் நடுவே வாழ்நாளெல்லாம் அவன் ஓட்டிய ஏழுபேர் பெஜோ டாக்ஸியின் சின்ன உருவம். அந்த நீள வண்டி கடையில் பூட்டும் பெட்டியாகக் கிடைக்காததால் இரண்டு சின்னக் கார்களை அறுத்து ஒட்டி, மூன்றாம் வரிசை இருக்கைவரை நீட்டியிருந்தான். அவன் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று அவன் மனைவி உம்மு ஹானி என்னிடம் கொடுத்திருந்தாள்.

என்னைக் குழப்பியது டேப். பசை வைத்தால் அது முடிவு, டேப் ஒட்டினால் இன்னும் யோசனையில் இருக்கிறது என்று அர்த்தம். ஷவ்கியும் நானும் அப்படித்தான் வேலை செய்வோம். மற்ற மூன்று சக்கரங்களின் அச்சுக்கும், சக்கரம் மட்டும் சுழலும்படி, பசை வைத்திருந்தான். இதற்கு மட்டும் டேப். அச்சு உட்காரும் இடத்தை அரத்தால் இழைத்திருந்தான்; அதனால்தான் சக்கரம் மேலேறி நின்றது. கை தவறி அதிகம் இழைத்துவிட்டு, சரிசெய்யலாம் என்று விட்டிருக்கலாம். அந்த மூலை தாழ வேண்டும் என்றே இழைத்திருக்கவும் கூடும். எங்கள் பசை பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பது. ஒட்டினால் பிரிக்க வழியில்லை.

உம்மு ஹானி கொழுந்தன் ரிஃபாத்தோடு வந்தாள்.

"என்ன மம்தூஹ், எங்கண்ணன் வண்டிய நொண்டியாக்கிட்டியா?" என்றான் ரிஃபாத்.

"நான் தொடவே இல்லப்பா. அவன் வச்சபடி இருக்கு."

உம்மு ஹானி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "அது என் எடம்ண்ணே. அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, முன் சீட்ட சவாரிக்கு விட்டுட்டு என்னப் பின்னாடி இடது மூலையில உக்கார வைப்பாரு. வண்டி அந்தப் பக்கம் இறங்கிடும். 'ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் சதை ஏறுது'ன்னு அத்தனை பேருக்கும் கேக்கக் கத்துவாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என்னைய ஏத்திவச்ச மாதிரிதான் செஞ்சிருக்காரு, இல்லண்ணே?"

"அண்ணி, நீங்க எப்பப் பின்னாடி ஏறினீங்க? முன்னாடி ஜன்னலோரம்தான். நானே கூட வந்திருக்கேன். வண்டி சாஞ்சா அண்ணன் தூங்கமாட்டான், மம்தூஹ். நிமித்திடு. வர்றவன் சிரிப்பான்."

"நீ வந்தா முன்னாடி யாரு உக்காருவா? நீதானே?" என்றாள் உம்மு ஹானி.

ரிஃபாத் அவள் பக்கம் திரும்பினான். "நான்தான். அப்ப... நீங்க எங்க உக்காந்தீங்க?"

நான் போட்டு வைத்த தேநீரில் புதினா ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது.

"தப்பா இழைச்சாரா, வேணும்னு இழைச்சாரா? அவரு கை உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்கண்ணே" என்றாள்.

அரம் போன தடத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் நிதானமாகப் போயிருந்தது, ஒரு பக்கம் அவசரமாக. நிதானத்தைப் பார்த்தால் வேண்டுமென்றே. அவசரத்தைப் பார்த்தால் தவறு. 'வேணும்னுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். நாக்குவரை வந்தது.

"தெரியல தங்கச்சி" என்றேன்.

தலையசைத்தாள். பிறகு கூரையின் பின் இடது மூலையில் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். சக்கரம் கண்ணாடியைத் தொட்டது.

"இப்படியே ஒட்டிடுங்க."

ரிஃபாத் என்னைப் பார்த்தான். நான் டேப்பை உரித்தேன். தூரிகையிலிருந்து பசை ஒரு சொட்டு இறங்கி, அச்சைச் சுற்றி ஓடி மறைந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. வண்டியின் எதிர் மூலையில் வலது முன்சக்கரம் மேலே எழும்பி, எதையும் தொடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.